சுவிட்ச அமத்திட்டீகளா?

மகனே,

நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கே. நானும் இங்கன நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு பேரு சொன்னதையும் ரெண்டு பேரும் நம்பிக்கிட்டு விசயத்துக்கு வருவோம்.

உங்கம்மா போனதுக்குப் பெறகு பம்பாயில இருந்து நீ போட்டதெல்லாம் கார்டு. "நலம், வேலை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." அம்புட்டுத்தான். கார்டுல எடம் பத்தலை போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிடுவேன். இந்தத் தடவை தபால்காரரு இன்லண்டு லெட்டரைக் கொண்டாந்து நீட்டினாரு. உடம்புக்கு என்னமும் முடியலையோ, வேலையை விட்டு நிறுத்திட்டாகளோ, இல்லை அங்கனயே ஒரு புள்ளையப் பாத்துக் கல்யாணத்தை முடிச்சிட்டியோன்னு என்னென்னமோ ஓடுது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டுப் பிரிச்சா, பேட்டரி! கூட இருக்கிற பையனோட சேந்து ஞாயித்துக்கெழமை குளத்துல மோட்டார் வச்ச சின்னப் படகு விடுறியாம். அதுக்கு ஸ்கூட்டர் பேட்டரி, ரூம்ல ரேடியோவுக்கு ஒரு பழைய கார் பேட்டரி, ரெண்டும் ஆறு வோல்ட்டு, ரெண்டுக்கும் தனித்தனிச் சார்ஜர். ரெண்டு சார்ஜருக்கும் சேத்து ஒரே சப்ளை எடுக்கணும், அதுக்கு என்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்னு என்கிட்டக் கேக்குறே. ஏலே, நான் சிரிச்ச சிரிப்புல எதுத்த வீட்டு நாய் எந்திரிச்சுக் குரைச்சிருச்சு.

சிரிச்சு முடிக்குமுன்ன கடைசி ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு. "இந்தத் தீபாவளிக்கும் வர இயலாது போலிருக்கிறது. நம் வீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் சும்மாதானே கிடக்கிறது, பார்சலில் அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்." சிரிப்பு அங்கனயே நின்னுபோச்சு. நீ வராதது ஒரு பக்கம். இந்த வீட்ல உன் கையி பட்டதுன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் கேட்டுட்டியே. அனுப்புறதா வேண்டாமாங்கிறதைக் கடைசில சொல்றேன். மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லிருதேன், இல்லாட்டி கோவத்துல எழுதினதாப் போயிரும்.

கேட்டுக்கோ. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவன் எவனாச்சும், "ட்ரான்ஸ்ஃபார்மர் எதுக்கு, லைன்ல ஒரு பல்பை மாட்டி, கரண்டை ஒரே பக்கமா ஓட விடுற தகட்டை மாட்டி நேரா பேட்டரிக்குக் குடு"ன்னு சொல்லுவான். கேட்டுறாதே. அது உனக்கே தெரியும். நம்ம தெருவுக்குக் கரண்டு வந்த புதுசுல நீ பண்ணுன மொத வேலையே அதுதானே? அதுவரைக்கும் நான் நம்ம வீட்டு ரேடியோ பேட்டரியை சைக்கிள் கேரியர்ல கட்டி, நாரணாபுரத்துல இருந்து சிவகாசிக்கு உருட்டிக்கிட்டுப் போவேன். நான் என்ஜின் ஓட்டுன லேபிள் அச்சாபீஸ்ல, முதலாளிகிட்டச் சொல்லிட்டு, என்ஜின் டைனமோவுல சார்ஜ் ஏத்திக்கிட்டு வருவேன். ரோட்டுப் பள்ளத்துல விழுந்து ஆசிட் தளும்பி என் வேட்டியெல்லாம் சல்லடையாப் போச்சு. அந்த அலைச்சல் பொறுக்காம நீ பல்பைக் கட்டி வீட்லயே ஏத்துனே. எனக்குப் பெருமைதான், இல்லேங்கலை. உங்கம்மா வெறுங்காலோட, ஈரத்தரையில, பேட்டரி மேல இருந்த தூசியத் துடைக்கப் போனா பாரு. அலறுன அலறல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒரு உதறலோட போச்சு, நம்ம நல்ல காலம். பேட்டரி ஆறு வோல்ட்டுதான். ஆனா லைன் கரண்டு முழுசா அது மேலயே ஏறி உக்காந்திருக்கும். பாத்தாத் தெரியாது.

அதனால ட்ரான்ஸ்ஃபார்மர்தான். அதுலயும் பழைய சாமான் கடைக்காரன் ஒரே கம்பிச் சுத்து உள்ளதைக் கையில திணிப்பான். கனம் கம்மியா இருக்கும், அழகாவும் இருக்கும். வேண்டாம். உள்ள வர்ற கரண்டுக்கு ஒரு சுத்து, வெளிய போறதுக்கு ஒரு சுத்து, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம தனித்தனியா இருக்கணும். ஒரே சுத்தா இருந்துச்சுன்னா பல்பைக் கட்டுன கதைதான் மறுபடியும். அடுத்தது வோல்ட்டு. பேட்டரியை விடக் கொஞ்சம் மேல இருக்கணும், ரொம்ப மேல போகக் கூடாது. ஆறு வோல்ட்டு பேட்டரி ஏற ஏற ஏழைத் தாண்டும், அந்தத் தகடும் கொஞ்சம் தின்னுரும். அதையும் கணக்குல வச்சு ஒன்பது, பத்துல நில்லு. பெறகு ஆம்பியர். இங்கதான் எல்லாரும் சறுக்குறது. ரெண்டு சார்ஜரும் ஒரே நேரத்துல இழுத்தா எம்புட்டு இழுக்கும்னு கூட்டிப் பாரு. கூட்டி வந்ததை அப்படியே வாங்காதே. அதுக்கு மேல தாராளமா விட்டு வாங்கு. பெருசா வாங்கிட்டா பேட்டரிக்குள்ள கூடுதலாப் போயிருமோன்னு பயப்படாதே, வோல்ட்டு சரியா இருந்தா சார்ஜர் தனக்கு வேணுங்கிறதைத்தான் எடுத்துக்கிடும். சப்ளை சிறுசா இருந்தாத்தான் வம்பு. மூச்சு முட்டிச் சூடேறும். ஒரு மணி நேரம் ஓட்டி, சுவிட்ச அமத்திட்டு, மேல உள்ளங்கையை வச்சுப் பாரு. வச்ச கையை எடுக்கத் தோணலைன்னா அது நல்ல சப்ளை. வெடுக்குனு எடுத்தேன்னா கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்துரு.

இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரியும். இந்த வீட்டுல உக்காந்து சுத்தினவன்தானே நீ. அச்சாபீஸ்ல எரிஞ்சுபோன ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணைத் தூக்கிப் போட்டிருந்தாக, அந்த இரும்பை மட்டும் நான் கேட்டு வாங்கியாந்தேன். நீ கம்பியைச் சுத்த, நான் அடுக்குக்கு அடுக்கு பேப்பர் வைக்க, எத்தனை சுத்துன்னு எண்ணுறதுதான் பெரும்பாடா இருந்துச்சு. உனக்கு வாய் நிக்காது, பேசிக்கிட்டே எண்ணி எண்ணி விட்டுருவே. உங்கம்மா வந்து, "தள்ளுங்க ரெண்டு பேரும்"னு உக்காந்தா. மடியில கொஞ்சம் தீக்குச்சியை வச்சுக்கிட்டு, நூறு சுத்துக்கு ஒரு குச்சியை எடுத்துத் தரையில போட்டா. சின்னப் புள்ளையில இருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடைச்சவ. கல்யாணத்துக்குப் பெறகு வெடிக் கம்பெனிக்கு மாறினா. அவ எண்ணுறப்ப நீ எதையாச்சும் கேட்டு இழுத்துப் பாத்தே, உதடு அசையும், குச்சி தப்பாது. அடுக்குக்கு நடுவுல வச்சோமே பேப்பர், அது அச்சாபீஸ்ல கழிச்சுப் போட்ட தீப்பெட்டி லேபிள். கிளிப் படம். வார்னிஷ் தடவி வச்சோம். அந்த இரும்புக்குள்ள இன்னைக்கும் அம்புட்டுக் கிளி இருக்கு, வெளிய யாருக்கும் தெரியாது.

அப்பறம் அந்த ஈரச்சாக்குக் கதை. அதை நீ மறந்திருக்க மாட்டே. ஆனாலும் எழுதுறேன், ஏன்னா இப்ப நீ ரூமுக்குள்ள வச்சு சார்ஜ் போடுறவன். கம்பெனியில உங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த மொத பாடம், எதுலயாச்சும் சந்தேகம் வந்தா ஈரச்சாக்கைத் தூக்கிப் போடு. அங்க அது சரி. நம்ம ஊருல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். அன்னைக்கு பேட்டரி ஏறி முடியிற நேரம், உள்ள குமிழ் விட்டுச் சளசளன்னு சத்தம். அவ சோறு வடிச்சுக்கிட்டு இருந்தவ எட்டிப் பாத்தா. என்னமோ கொதிக்குது, தீப் பிடிச்சிரும்னு நெனச்சு, சாக்கை நனைச்சு பேட்டரியை நல்லா இறுக்கிப் போத்தி விட்டுட்டா. பச்சப்புள்ளைக்குப் போத்துற மாதிரி. நீயும் நானும் வெளிய நிக்கிறோம், தெரியாது. பேட்டரி விடுற வாயு எல்லாம் சாக்குக்குள்ள அடைஞ்சு கெடக்கு. நீ பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு ஓடிவந்து, சுவிட்ச அமத்தாமயே சாக்கைத் தூக்கிக் கிளிப்பைப் புடுங்குனே. ஒரு பொறி. அம்புட்டுத்தான். டமார்னு ஒரு சத்தம், பேட்டரி மூடி கூரையில போயி அடிச்சுச்சு, ஆசிட் உன் மூஞ்சியெல்லாம் தெறிச்சுச்சு.

நான் அப்படியே நின்னுட்டேன். அவதான் பாஞ்சா. வாசல்ல எப்பவும் ஒரு அண்டா நிறையத் தண்ணி வச்சிருப்பாளே, அதுவும் கம்பெனிப் பழக்கம்தான், உன் பிடரியப் புடிச்சு அந்த அண்டாவுக்குள்ள முக்கிட்டா. நீ மூச்சுக்குத் தவிக்கிறே, அவ விடலை. தூக்கி ஒரு மூச்சு, மறுபடி முக்கு. அதனாலதான் இன்னைக்கு உனக்குக் கண்ணு ரெண்டும் இருக்கு. அவளாலதான் வெடிச்சுச்சு, அவளாலதான் பொழைச்சே. ரெண்டும் ஒரே பழக்கம். எல்லாம் அடங்கின பெறகு தரையில உக்காந்து, முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "வெடிக் கம்பெனியில இத்தன வருசமா ஒரு வெடிச்சத்தம் கேட்டதில்ல, எங்க வீட்டுச் சமையக்கட்டுல கேட்டுட்டேன்"னு சொன்னா பாரு. நாம மூணு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம். சேலையில ஒண்ணும் இல்லைன்னு நெனச்சா. மறுநாள் துவைச்சு அலசுனதும் ஆசிட் பட்ட எடமெல்லாம் பொத்துப்போச்சு. அதைத் தூரப் போடச் சொன்னதுக்குக் கேக்கலை. வீட்டுக்குள்ள கட்டிக்கிட்டே திரிஞ்சா.

அன்னையில இருந்து நம்ம வீட்ல சட்டம் அதுதான். மாட்டுறப்ப கிளிப்பு மொதல்ல, சுவிட்சு பெறகு. கழத்துறப்ப சுவிட்சு மொதல்ல, கிளிப்பு பெறகு. கதவும் சன்னலும் திறந்தே கெடக்கணும். பேட்டரி மேல எதையும் போத்தக் கூடாது. பம்பாயில ரூமு சின்னதுன்னு எழுதியிருந்தே. கட்டிலுக்கு அடியில வச்சு ஏத்திட்டுத் தூங்கிராதே, சன்னலோரமா வை. கூட இருக்கிறவனுக்கும் சொல்லிக் குடு.

உங்கம்மா அந்தச் சட்டத்தைக் காப்பாத்துன மாதிரி எந்தப் போலீசும் காப்பாத்தலை. நான் பேட்டரி பக்கம் போனாப் போதும், எங்க இருந்தாலும் அங்கன இருந்து ஒரு குரல் வரும். "சுவிட்ச அமத்திட்டீகளா?" அடுப்படியில இருந்து கேப்பா. கெணத்தடியில இருந்து கேப்பா. காய்ச்சல்ல படுத்துக் கெடந்து, கடைசி வாரம், கண்ணைத் திறக்காம கேட்டா. எனக்கு அப்பல்லாம் எரிச்சலா வரும். "அமத்திட்டேன் தாயி, அமத்திட்டேன்"னு கத்துவேன். இப்ப யாரும் கேக்குறதில்லை. கிளிப்பைக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் நிக்கிறேன். கேக்காம எப்படிக் கழத்துறதுன்னு கையி தயங்குது. என்ன கிறுக்குத்தனம் பாரு.

இதையும் சொல்லிருதேன். ட்ரான்ஸ்ஃபார்மர் சும்மா கெடக்குதுன்னு எழுதிட்டே. அது சும்மா கெடக்கலை. ரேடியோதான் சும்மா கெடக்கு, உள்ள வால்வு போயி ரொம்ப நாளாச்சு, நான் மாத்தலை. ஆனா பேட்டரியை வாரம் தவறாம ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஏத்தாமப் போட்டா செத்துப்போகும்னு வெளிய சொல்லிக்கிறேன். அதுவும் நெசந்தான். ஆனா நெசமான காரணம் வேற. சுவிட்சப் போட்டதும் அந்த இரும்பு "உம்ம்ம்"னு ஒரு சத்தம் குடுக்கும் தெரியுமா, கதை கேக்குற ஆளு உம் கொட்டுற மாதிரி. அந்தச் சத்தத்துல நான் பக்கத்துல உக்காந்து பேசுறேன். சாயங்காலம் வயக்காட்டு மோட்டாரெல்லாம் ஓடுறப்ப கரண்டு எறங்கும், அதுவும் தாழ்ந்த குரல்ல உம் கொட்டும். இன்னைக்கு வெயிலு ஜாஸ்தி, கம்பெனி வண்டியில எதுத்த வீட்டுப் புள்ளைக போகுது வருது, சீசன் முடியப் போகுதுன்னு எதையாச்சும் சொல்லுவேன். அதுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா நடுவுல எந்திரிச்சுப் போகாது. தனியா இருக்கேண்டா. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிட்டேன்.

உனக்கும் எனக்கும் பேச்சுன்னா அது பேட்டரிதான். யோசிச்சுப் பாத்தேன், நீ பொறந்ததுல இருந்து நாம வேற எதைப் பேசியிருக்கோம்? உனக்குப் பசின்னா அம்மாகிட்டச் சொன்னே, அவ என்கிட்டச் சொன்னா. எனக்கு உன்மேல கோவம்னா அவகிட்டச் சொன்னேன், அவ பாதியை முழுங்கிட்டு மீதியை உன்கிட்டச் சொன்னா. அவ போனதும் நடுவுல கம்பி அறுந்த மாதிரி ஆயிருச்சு. அதனாலதான் நீ கார்டு போட்டே, நானும் கார்டு போட்டேன். இப்ப பேட்டரியைச் சாக்கா வச்சு ஒரு இன்லண்டு லெட்டர் முழுக்க எழுதியிருக்கே. மின்சாரக் கம்பெனியில வேலை பாக்குறவனுக்கு என்ன சப்ளை வாங்கணும்னு தெரியாதாம், நாரணாபுரத்துல கெடக்குற பழைய என்ஜின் டிரைவரைக் கேக்குறானாம்! நல்லா இருக்குலே உன் கதை. ஆனா கேட்டியே. அது போதும்னு இருந்துச்சு, கடைசி ரெண்டு வரியைப் படிக்கிற வரைக்கும்.

நீ கேட்டபடி அனுப்பத்தான் பாத்தேன். நம்பு. நேத்துக் காலையில அதை நல்லாத் தொடச்சு, வைக்கோல் சுத்தி, சாக்குல வச்சுத் தைச்சு, உன் பேரை எழுதி, பஸ்ல விருதுநகருக்குக் கொண்டு போனேன். ஸ்டேசன்ல பார்சல் கிளார்க்கு தூக்கிப் பாத்துட்டு, "எங்க இருந்து வர்றீக?"ன்னாரு. சிவகாசிப் பக்கம்னேன். உடனே கையை எடுத்துட்டாரு. "வெடியா?" "இல்லைங்கய்யா, ட்ரான்ஸ்ஃபார்மரு." "எல்லாரும் இப்படித்தான் என்னமாச்சும் சொல்றாக. பிரிங்க பாப்போம்." தையலைப் பிரிச்சேன். வைக்கோலை விலக்கி அந்த இரும்பைப் பாத்துட்டு அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. "யாருக்குங்க இது?" "மகனுக்கு. பம்பாயில இருக்கான்." "இந்தக் கனத்தை எதுக்குப் பார்சல்ல போடுறீக? தீவாளிக்கு வர்றப்ப அவரே எடுத்துக்கிட்டுப் போகட்டுமே. தீவாளிக்கு வருவாருல்ல?"

வருவான்னு சொல்லிட்டேன்.

யோசிக்காம வாய் சொல்லிருச்சு. சொன்ன பெறகு அதை எப்படி அனுப்புறது? அவரு நல்ல மனுசன், திருப்பித் தைக்க ஊசி நூலெல்லாம் எடுத்துக் குடுத்தாரு. நான்தான் வேண்டாம்னுட்டுத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ல அதை மடியில வச்சுக்கிட்டே வந்தேன், பக்கத்துல உக்காந்த ஆளு, "என்னய்யா, புள்ளையக் கொண்டு போற மாதிரிக் கொண்டு போறீரு"ன்னாரு.

அதனால முடிவு இதுதான். உனக்கு அவசரம்னா நான் மேல எழுதியிருக்கிறபடி பாத்து அங்கனயே ஒண்ணு வாங்கிக்கோ. அது நல்லாத்தான் வேலை செய்யும், உன் வேலை கெட்டுப்போகாது. ஆனா இது வேணும்னா பார்சல்ல வராது. நீ வந்து எடுத்துக்கிட்டுப் போ. தீவாளிக்கு முடியாட்டி, கம்பெனியெல்லாம் அடைச்சு ஊரே அமந்து கெடக்குமே, தீவாளி கழிச்சு ஒரு வாரம், அப்ப வா. பொங்கலுக்கு வா. எப்ப வந்தாலும் சரி. எடுத்துக்கிட்டுப் போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை, உன் கையால தூக்கிக்கிட்டுப் போறதை நான் பாக்கணும், அம்புட்டுத்தான்.

அதுவரைக்கும் வாரா வாரம் ஏத்திக்கிட்டுத்தான் இருப்பேன். நீ வர்ற நேரம் நான் உள்ள பேட்டரி பக்கத்துல குனிஞ்சு நின்னாலும் நிப்பேன். காது முன்ன மாதிரி இல்லை, அப்பான்னு கூப்பிட்டா கேக்குமோ என்னமோ. நீ அப்பான்னு கூப்பிடாதே. செருப்பைக் கழத்தி, அண்டாவுல காலைக் கழுவிட்டு, வாசல்ல நின்னு உங்கம்மா கேக்குற மாதிரி சத்தமா ஒரு தடவை கேளுலே, சுவிட்ச அமத்திட்டீகளான்னு. நான் இந்தத் தடவை கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா